டப்பாவைத் தேடிப் போவோம்: கிருஷ்ணகிரி, தர்மபுரிக் குடும்பங்களுக்கு ஜியோகேச்சிங் வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கே.ஆர்.பி. அணைப் பூங்கா, இல்லாவிட்டால் அவதானப்பட்டி படகு இல்லம், நேரம் இருந்தால் ஒகேனக்கல். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் நம் ஊரைச் சுற்றி இருக்கிற பாறையும் ஏரிக்கரையும் புளியமரச் சாலையும் தீரவே தீராது. அவற்றைப் பிள்ளைகள் தாங்களாகவே கிளம்பிப் போய்ப் பார்க்கும்படி செய்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது. அதுதான் ஜியோகேச்சிங்.

ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஜியோகேச்சிங் ஆப்பில் போடுவார். மற்றவர்கள் போனில் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்தபடி வைத்துவிட்டு வர வேண்டும். விளையாட்டு இவ்வளவுதான்.

இது பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2000-ஆம் ஆண்டு வரை, பொதுமக்கள் கையில் இருந்த ஜிபிஎஸ் கருவிகள் துல்லியமாக இடம் காட்டாதபடி அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடையை எடுத்தார்கள். உடனே, மே 3 அன்று, ஒரேகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பக்கெட்டில் சில பொருட்களைப் போட்டுக் காட்டோரம் வைத்துவிட்டு, எண்களை இணையத்தில் எழுதினார். சில நாட்களிலேயே ஆட்கள் தேடி எடுத்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன.

ஆனால் ஐரோப்பிய நகரங்களைப் போல் தெருவுக்கு ஒன்று நம் பக்கம் கிடையாது. அதனால் என் யோசனை, ஆப்பில் தொடங்காதீர்கள். முதல் தேடலை நீங்களே உருவாக்குங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒளிக்கட்டும், பிள்ளைகள் தேடட்டும். ஆப்பில் ஒரு டப்பாவைப் பார்த்து அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், அது என்றோ காணாமல் போயிருந்தால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்றோடு ஆசை விட்டுப்போகும். நாமே வைத்தது கட்டாயம் அங்கே இருக்கும்.

டப்பா

மூடி இறுக்கமாகப் பிடிக்கிற, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவாக எடுங்கள். நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற லாக் டப்பா மழைக்கும் தாங்கும். சின்னதாக வேண்டுமென்றால் மாத்திரை டப்பா போதும். எஃகு டிபன் பாக்ஸ், டேப் சுற்றிய டப்பா, ஒயர் தொங்குகிற எதுவும் வேண்டாம். வழியில் போகிறவர் பார்த்தால் மர்மப் பொருள் என்று போலீசுக்குத்தான் போன் போகும். மேலே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்: 'இது பிள்ளைகளின் விளையாட்டு டப்பா. ஆபத்தான பொருள் எதுவும் இல்லை. தயவுசெய்து இருந்த இடத்திலேயே வைத்துவிடவும்.'

உள்ளே ஒரு சின்ன நோட்டு, ஜிப் கவரில் போட்டது. பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். வெயிலில் பேனா மை காய்ந்துவிடும், ஈரம் பட்டால் எழுதியது கரைந்துவிடும். பிறகு பிள்ளைகள் மாற்றிக்கொள்ள நாலைந்து சாமான்கள்: கோலிக்குண்டு, பம்பரம், சாவிக்கொத்து, வெளிநாட்டுச் சில்லறை. ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். மிட்டாய், கடலை மிட்டாய், சாக்லேட் எதுவும் கூடவே கூடாது. முதலில் எறும்பு வரும், பிறகு அணில், குரங்கு இருக்கிற இடமென்றால் டப்பாவே மிஞ்சாது. வாசனை சோப்புக்கும் இதே கதிதான்.

எங்கே வைப்பது

முதல் தேடலுக்குப் பாட்டி ஊரைவிட நல்ல இடம் இல்லை. தாத்தாவின் கொல்லையோ களத்துமேடோ நமக்குச் சொந்தமானது, கேட்பார் யாரும் இல்லை, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பழகிய இடம், ஆனால் முழுக்கத் தெரிந்த இடமும் இல்லை. சொந்த நிலம் இல்லையென்றால் தெரிந்தவர் நிலத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். மா சீசனில், அதாவது மே முதல் ஜூலை வரை, அடுத்தவர் மாந்தோப்புப் பக்கமே போகாதீர்கள். பெங்களூரா காய் மரத்தில் தொங்குகிற நேரத்தில் பையோடு தோப்புக்குள் நுழைகிறவரைக் காவல்காரர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒளிப்பது என்றால் புதைப்பது இல்லை. மண்ணைத் தோண்டக் கூடாது என்பது இந்த விளையாட்டின் முக்கிய விதி. இரண்டு கல்லுக்கு இடுக்கில், அடிமர வேருக்குப் பின்னால், இடுப்பளவு உயரமான மதில் பொந்தில் வைத்து, முன்னால் ஒரு சின்னக் கல்லைச் சாய்த்தால் போதும். வைக்கிறவர் அந்த இடுக்கைக் குச்சியால் கிளறி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பிள்ளையின் கை போகப்போகிற இடம் அது.

எண்களை எடுப்பது

போனில் கூகுள் மேப்பைத் திறந்து, நிற்கிற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கிருஷ்ணகிரி நகரத்தில் நின்றால் 12.52500, 78.21500 என்பதுபோல் இருக்கும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. புள்ளிக்குப் பின்னால் ஐந்தாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1 மீட்டர் நகரும். நாலாவது மாறினால் 11 மீட்டர். அதனால் ஐந்து இலக்கமும் வேண்டும்.

ஜியோகேச்சிங் ஆப்பில் இதே இடம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்: வடக்கு 12° 31.500', கிழக்கு 78° 12.900'. இது பாகையும் (டிகிரி) கலையும் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). மாற்றுவது சுலபம். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்கினால் கலை வந்துவிடும். 0.525 பெருக்கல் 60 என்பது 31.5. 0.215 பெருக்கல் 60 என்பது 12.9. ஆறாவது படிக்கிற பிள்ளையிடம் தாளைக் கொடுத்துவிடுங்கள், அவர்களே போடட்டும். பள்ளி நிலவரைபடத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடாக மட்டும் பார்த்தவை அன்றைக்குத்தான் காலடியில் வந்து நிற்கும்.

பெரிய பாறையை ஒட்டியோ அடர்ந்த மரத்தடியிலோ போன் எண் சரியாக வராது. செயற்கைக்கோள் அனுப்பும் அலை பாறையில் பட்டுத் தெறித்து வருவதால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். போனை டப்பாவுக்கு நேர் மேலே சில நிமிடம் அசையாமல் வைத்திருந்து எடுங்கள். பிறகு கொஞ்ச தூரம் நடந்துபோய், வேறு பக்கத்திலிருந்து திரும்பி வந்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதுதான் எண்.

பிள்ளைகளைக் கட்டிப்போடும் பகுதி இது

எண்ணை நேராகக் கையில் கொடுத்தால் அரை மணியில் விளையாட்டு முடிந்துவிடும். சில இலக்கங்களை மறைத்துவிட்டு, அவற்றை ஊருக்குள்ளேயே தேடி எடுக்கச் சொன்னால் ஒரு காலைப் பொழுது முழுக்க ஓடும். இதற்கு நம் கிராமங்களில் இருக்கிற வசதி வேறு எங்கும் இருக்காது. எங்கு பார்த்தாலும் எண்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைப் பாருங்கள். தூணிலோ வயிற்றிலோ திட்டத்தின் பெயர், கட்டிய ஆண்டு, கொள்ளளவு எத்தனை லிட்டர், மதிப்பீடு எத்தனை லட்சம் என்று நீலப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். பாதி வெளிறியிருக்கும். பிள்ளைகள் அண்ணாந்து, கண்ணைச் சுருக்கி, அது 3-ஆ 8-ஆ என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்காகவே தொட்டியை எப்போதும் முதல் இடமாக வைக்கலாம். அடுத்து பள்ளிக்கூடத் திறப்பு விழாக் கல்வெட்டு, மின்கம்பத்தில் எழுதிய எண், சாலையோரக் கிலோமீட்டர் கல், பால் சொசைட்டியின் பதிவு எண், நூலகத்தின் பலகை. இவையெல்லாம் இடம் மாறாதவை. கட்சிப் போஸ்டர், கடை போர்டு, நிறுத்திவைத்த வண்டி ஆகியவற்றை நம்பிப் புதிர் போடாதீர்கள். நாளைக்கே இருக்காது.

புதிர்த்தாள் இப்படி இருக்கலாம்: 'தொட்டி கட்டிய ஆண்டின் கடைசி இலக்கம் அ. பள்ளிக் கல்வெட்டில் உள்ள மாதம் ஆ. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மின்கம்ப எண்ணின் முதல் இலக்கம் இ. பாட்டியைப் போய்க் கேள், ஊர்ப் பெரிய ஏரிக்கு எத்தனை மதகு, அது ஈ. டப்பா இருக்கிற இடம் 12.52அஆஇ, 78.21ஈ07.' ஒரு இலக்கம்தான் வர வேண்டும் என்பதால் மாதம் ஒன்பதுக்குள் இருக்கிற கல்வெட்டாகப் பாருங்கள். அட்சரேகைக்கு இங்கே மூன்று இலக்கம் மறைந்திருக்கிறது. தவறாகப் போட்டால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகும். அதனால் விடை எண்களைக் கூட்டினால் என்ன வர வேண்டும் என்பதை அடியில் எழுதிவிடுங்கள். கூட்டல் சரியாக வந்தால்தான் கிளம்ப வேண்டும்.

பாட்டியைக் கேட்கச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தேடலில் ஓர் இடமாவது ஆளைப் போய்ப் பார்க்கிற இடமாக இருக்கட்டும். மதகு எத்தனை என்று கேட்கப் போன பிள்ளை, அந்த ஏரி கடைசியாக எப்போது நிரம்பிக் கோடி போனது என்பதையும் கேட்டுக்கொண்டு வரும்.

கடைசிப் பத்து மீட்டர்

போனில் அம்புக்குறி காட்டும். நின்ற இடத்திலேயே நின்று பார்த்தால் அது சில நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு எட்டு நடந்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்று கருவிக்குத் தெளிவாகப் புரியும். தூரம் குறைந்துகொண்டே வந்து பத்து மீட்டர் என்று காட்டியதும் போனைப் பையில் போட்டுவிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் போன் உதவாது. தலையைக் குனிந்து எண்ணையே பார்த்துக்கொண்டு வட்டம் அடிக்கிற பிள்ளைக்கு, காலடியில் இருக்கிற டப்பா தெரியாது.

இனிமேல் கண்தான் வேலை செய்ய வேண்டும். இங்கே எது தானாக வந்ததில்லை, எது வைத்தது? கல் விழுந்தால் தாறுமாறாகக் கிடக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காராது. வெயில் பட்ட கல் மேலே வெளுத்தும் அடியில் மண் நிறத்திலும் இருக்கும். மண் நிறம் மேலே தெரிந்தால் யாரோ புரட்டியிருக்கிறார்கள். காய்ந்த சருகு ஓர் இடத்தில் மட்டும் குவிந்திருந்தால் கை பட்டிருக்கிறது. நான் ஒளித்திருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்று ஒரு பிள்ளை யோசிக்கத் தொடங்கும்போது, அது சட்டென்று ஓடுவதை நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்பிப் பார்க்கும். அப்போது பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. 'அந்தப் பக்கம் பாருடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போச்சு.

கண்ட இடத்தில் கையை விடக் கூடாது. இது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முதலில் குச்சி, பிறகு டார்ச், பிறகுதான் கை. நம் பக்கத்து வறண்ட பாறை நிலத்தில் சுருட்டை விரியன் இருக்கும். சின்ன உருவம், மண் நிறம், கல்லடியில் சுருண்டு கிடந்தால் தெரியாது. கண்ணாடி விரியனும் உண்டு, தேளும் உண்டு. ஷூவும் முழுக்கால் பேண்ட்டும் கட்டாயம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனை.

பாம்பைவிட எனக்கு அதிக பயம் கிணறுதான். நம் மாவட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைக் கிணறுகள் வயல் நடுவிலும் பாதையோரத்திலும் இருக்கின்றன. புல் மூடிவிட்டால் விளிம்பு தெரியாது. போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற விளையாட்டுக்கு இதைவிட மோசமான துணை இல்லை. நடக்கும்போது போன் பெரியவர் கையில் இருக்கட்டும், பிள்ளைகள் அவருக்குப் பின்னால் வரட்டும். கைவிட்ட கிரானைட் குவாரிக் குட்டைகளும் அப்படித்தான். பார்க்கப் பச்சையாக, அமைதியாக இருக்கும், கரையிலிருந்து ஓர் அடி வைத்தால் ஆழம். அந்தப் பக்கம் எந்தத் தேடலும் வேண்டாம். காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றித் திருட்டுத்தனமாக மின்கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வயல்வெளியில் நடக்காதீர்கள். பெரிய பாறை முகட்டில் மலைத்தேன் கூடு தொங்கினால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அருமை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

ஊர்க்காரர் கேட்டால்

கேட்பார்கள். ஆடு மேய்க்கிற பாட்டி ஒருவர் கட்டாயம் நின்று, "என்னா கண்ணு தேடறீங்க, எந்த ஊரு நீங்க?" என்பார். மறைக்காதீர்கள். வெளிநாட்டு விளையாட்டாளர்கள் அடுத்தவருக்குத் தெரியாமல் எடுப்பதையே ஒரு திறமையாகப் பேசுவார்கள். நம் ஊரில் அது சரிவராது. போனைக் காட்டி, பிள்ளைகளுக்காக ஒளித்துவைத்த டப்பா என்று சொல்லிவிட்டால், பாட்டியும் சேர்ந்து தேடுவார்.

ஆனால் புதையல் தேடுகிறோம் என்று மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்களும், கற்பலகைகளால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளும் நிறைய. மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைமையானவை. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். இப்படிப்பட்ட இடங்களைப் புதையல் ஆசையில் இரவோடு இரவாகத் தோண்டி, கற்களைப் புரட்டிப் போட்டவர்கள் இங்கே உண்டு. அதைப் பார்த்து நொந்த ஊர்க்காரர்கள் நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. கல்திட்டை, நடுகல், கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டைக் கோட்டை எங்கேயும் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது, டப்பா வைக்கவும் கூடாது. இரண்டு கோட்டைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே போய்ப் பாருங்கள், தேடலுக்கான எண்ணை அடிவார அறிவிப்புப் பலகையிலிருந்து எடுங்கள், டப்பா வேறு இடத்தில் இருக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், அணைக்கட்டு, நெடுஞ்சாலைப் பாலம், கோயில் வளாகம் எதுவும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஓசூர்ப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு. கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் யானைகள் காட்டோர வயல்களுக்கே வந்துவிடும். அந்த மாதங்களில் காட்டை ஒட்டிய ஊர்களில் தேடல் வைக்காதீர்கள்.

இனி ஆப்

வீட்டுத் தேடல் பழகியதும் ஜியோகேச்சிங் ஆப்பில் பெரியவர் பெயரில் கணக்கு தொடங்குங்கள். இலவசம்தான். காசு கட்டினால் திறக்கிற டப்பாக்களும் இருக்கின்றன, இப்போதைக்கு அவை தேவையில்லை. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ புனைபெயரில் சேர்க்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் சி:ஜியோ என்ற இலவச ஆப்பும் நன்றாக வேலை செய்யும். சிக்னல் கிடைக்காத இடம் என்றால் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் போட்டிருப்பார்கள், இரண்டும் 1 முதல் 5 வரை. ஒன்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு, மற்றது போய்ச் சேருகிற பாதை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு. பிள்ளைகளோடு என்றால் இரண்டும் 2-க்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக எப்போது யார் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். வரிசையாக நாலு பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் அப்படியே பதிவு செய்யுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது பெரிய உதவி, ஒளித்தவரும் வந்து பார்ப்பார். டப்பா இருக்கிற இடம் தெரிகிற மாதிரி போட்டோ போடாதீர்கள்.

டப்பாவே இல்லாத ஒரு வகையும் உண்டு, எர்த்கேச் என்பார்கள். அந்த இடத்தின் பாறையையோ நீரையோ உற்றுப் பார்த்துக் கேள்விக்கு விடை எழுதினால் போதும். நம் மாவட்டங்களுக்குப் பொருத்தமானது இதுதான் என்பேன். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள வரியோடிய பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதானவை. அங்கிருந்து தர்மபுரிப் பக்கம் தெற்கே வரவர, பூமிக்குள் இன்னும் ஆழத்தில், இன்னும் அதிகச் சூட்டில் வெந்து உருவான கரும்பச்சைச் சார்னோக்கைட் பாறை தலைகாட்டும். வெங்காயம்போல் அடுக்கடுக்காகத் தோல் உரிகிற உருண்டைப் பாறைகள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. ஆப்பில் எர்த்கேச் இல்லாத இடத்திலும் நீங்களே கேள்வி தயார் செய்யலாம்: உரிந்த தோலின் தடிமன் எத்தனை விரல்? வெள்ளை வரி எந்தத் திசையில் ஓடுகிறது? பாறையில் ஒட்டியிருக்கிற பாசி எந்தப் பக்கம் அதிகம்?

லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இதில் ஆர்வம் காட்டினால் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கைக்கருவியை அனுமதி வாங்காமல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும். போன் மட்டும் போதும்.

ஊருக்கு நிரந்தரமாக ஒரு டப்பா வைக்கிற ஆசை வந்தால், நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, இன்னொரு டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி வைத்து, விவரத்தை ஜியோகேச்சிங் இணையதளத்தில் அனுப்ப வேண்டும். தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் அது வெளியாகும். உங்கள் வீட்டிலிருந்து அடிக்கடி போய்வரக்கூடிய தூரத்திலேயே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் போய், நோட்டு நனைந்திருந்தால் மாற்றி, மூடியின் ரப்பரைத் துடைத்து, பென்சிலைச் சீவி வைத்துவிட்டு வர வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடுங்கள்.